அக்காவுக்குப் பொருத்தம் பார்த்த மெஷின்

அறுபத்தாறு வயதில் என் அக்காவுக்குக் கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளைக்கு அறுபத்தொன்பது. முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்பு இதே அக்காவைக் கேட்டு வந்தபோது, எங்கள் வீட்டில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய அதே மனிதர்தான். பிறகு அவர் மெல்பேர்ணுக்குப் போனார், அங்கே ஒருவரைக் கட்டினார், பிள்ளைகளை வளர்த்தார், மனைவியை இழந்தார், போன வருடம் திரும்பி வந்து வெள்ளவத்தையில் கடல் பக்கமாக ஒரு பிளாட்டில் குடியேறினார். மார்க்கெட்டில் என்னைக் கண்டதும், கையில் பாரை மீன் பையோடு நின்றபடியே, "அக்கா எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டார். "அப்பிடியேதான் இருக்கிறா" என்றேன். அடுத்த கிழமையே வீடு தேடி வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

அக்கா கொட்டாஞ்சேனையில் தனியாக இருக்கிறார். மனையியல் ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் போய்ச் சொன்னபோது பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை வைக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்கு விருப்பம்தான் தம்பி. இதில ஒளிக்க என்ன கிடக்கு" என்றார். எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. அக்கா அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா அந்த மெஷின் ஓமெண்டு சொல்ல வேணும்" என்றார்.

"எந்த மெஷின்?"

"உன்ர மெஷின். அதுதானே வேண்டாமெண்டது. இப்பவும் அதுவே சொல்லட்டும்."

மெஷின் என்று அக்கா சொன்னது, எனக்கு இருபத்துமூன்று வயதில் சிங்கப்பூரிலிருந்து வந்த சரக்கில் நான் வாங்கிய ஒரு வீட்டுக் கொம்பியூட்டரை. இருந்தவற்றில் மலிவானது அதுதான். சொக்லற் பெட்டி அளவில் ஒரு கீபோர்ட், அவ்வளவுதான் மெஷின். ரீவியில் இணைத்தால் எழுத்துத் தெரியும். எழுதிய புரோகிராமைக் கசெற்றில் பதிந்து வைக்க வேண்டும். நான் அதில் என்ன செய்தேன்? உலகத்தில் மற்றப் பொடியன்கள் எல்லாம் விளையாட்டுச் செய்தபோது, நான் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கலியாணப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம் எழுதினேன். இரண்டு பேரின் நட்சத்திரமும் இராசியும் கொடுத்தால், பத்துக்கு எத்தனை என்று சொல்லும்.

அக்காவுக்கு ரோகிணி. அவருக்கு விசாகம் நாலாம் பாதம். சாத்திரியார் விரல் மடக்கிப் பார்த்து ஏழு பொருத்தம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். என் மெஷின் மூன்று என்றது. அப்பா அரசாங்கக் கந்தோரில் கிளாக்காக இருந்தவர். சாத்திரத்தை நம்புவார், சாத்திரியாரை நம்ப மாட்டார். "மனிசன் முகத்தைப் பார்த்துச் சொல்லுவான். இது ஆரின்ர முகத்தைப் பார்க்கப் போகுது?" என்றார். அன்றோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. அடுப்படி வாசலில் நின்று அக்கா என்னைக் கேட்ட ஒரே கேள்வி, "மூண்டெண்டா மூண்டுதானோ?" நான் ஏதோ விண்வெளிக்கு ரொக்கற் விட்டவன் மாதிரி, "மெஷின் பிழை விடாது அக்கா" என்றேன். அதற்குப் பிறகு அக்கா எவருடைய சாதகத்தையும் வீட்டுக்குள் எடுக்க விடவில்லை.

என் மனைவிக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும். எங்கள் கலியாணத்துக்கும் அதே மெஷின்தான் பார்த்தது. எட்டுப் பொருத்தம். "இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? போனில ஒரு நிமிசத்தில பார்க்கலாம்" என்று பார்த்தும் காட்டினார். ஏழு என்று வந்தது. நான் அக்காவுக்கு உடனே போன் அடித்துச் சொன்னேன்.

"போன் சொல்லியோ நான் கட்டாமல் நிண்டனான்? வேற வேலை இல்லையே உனக்கு" என்றார்.

"அக்கா, அதே நட்சத்திரம், அதே மெஷின். அதே மூண்டுதான் திரும்பவும் வரும்."

"வந்தா வரட்டும். அண்டைக்கு என்னை அடுப்படியில நிக்கச் சொன்னவை. இந்த முறை நான் முன்னுக்குக் கதிரை போட்டிருந்து பார்க்கப் போறன்."

மூன்று வந்தால் அக்கா இல்லை என்றுதான் சொல்வார். அவருடைய பிடிவாதம் எனக்குத் தெரியும், கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம். ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். மெஷினை எப்படியாவது எழுப்புவது, ஒருவருக்கும் தெரியாமல் புரோகிராமுக்குள் போய் எட்டு என்று வரும்படி மாற்றி எழுதுவது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பொய் சொல்லத்தான் புறப்பட்டேன்.

அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கிப் பார்த்தால் மெஷின் இருந்தது, கசெற் இருந்தது. மின்சாரம் கொடுக்கும் அடப்டர் இல்லை. அதைவிட மோசம், கையேடு இல்லை. அந்தப் புத்தகம் இல்லாமல் கசெற்றிலிருந்து புரோகிராமை எப்படி ஏற்றுவது, எத்தனை வோல்ற் கொடுப்பது என்று ஒன்றும் எனக்கு நினைவில்லை. அம்மா எப்போதோ பழைய பேப்பரோடு சேர்த்துக் கடைக்குப் போட்டிருக்கிறார். காலிமுகத்திடலில் யாரோ ஒருவர் அதில் சுற்றிய கடலையைத் தின்றுவிட்டுப் போயிருப்பார்.

காலி வீதியில் லப்ரொப் திருத்தும் கடைகளில் ஒன்றையும் நான் விடவில்லை. ஒருவர் மெஷினைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, "கீபோர்ட் இருக்கு அங்கிள். கொம்பியூட்டரை எப்ப கொண்டு வருவீங்க?" என்று கேட்டார். இதுதான் கொம்பியூட்டர் என்றேன். அவர் மரியாதையாக இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். இன்னொருவர் புதிதாக ஒன்று வாங்கச் சொன்னார். புதியது என் அக்காவுக்குக் கலியாணம் செய்து வைக்காது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

பெட்டியின் அடியில், அந்த நாளில் அதை இறக்குமதி செய்த கம்பனியின் பெயர் இருந்தது. விசாரித்தால் கம்பனி இன்றும் இருக்கிறது, தண்ணீர் வடிகட்டி விற்கிறது. வாடிக்கையாளர் சேவைக்கு அடித்தேன். நல்ல பிள்ளை ஒன்று, பொறுமையாகக் கதைத்தாள்.

"பொருள் எப்ப வாங்கினது சேர்?"

"முப்பத்தொன்பது வருசத்துக்கு முதல்."

"பில் இருக்கா சேர்?"

"இல்லை பிள்ளை."

"பரவாயில்லை சேர். என்ன பிரச்சினை எண்டு சொல்லுங்கோ. தண்ணி ஒழுகுதா, மணக்குதா, மெதுவா வருதா? இந்த மூண்டில ஒண்டைத்தான் நான் பதியலாம்."

"இது கொம்பியூட்டர் பிள்ளை. தண்ணியே இல்லை."

"அப்ப மெதுவா வருது எண்டு போடுறன் சேர்."

அடுத்த நாள் காலையில் ஒரு மெக்கானிக் வந்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நேரே குசினிக்குப் போனார். கூப்பிட்டு மெஷினைக் காட்டினேன். கீழே மேலே பார்த்துவிட்டு, வடிகட்டி போடுவதற்கு இதில் இடமில்லை மாத்தயா என்று சிங்களத்தில் சொன்னார். எனக்கும் அது தெரியும் என்றேன். தேத்தண்ணி குடித்தார், வேலை முடிந்தது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். பிறகு சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு போனுக்குச் செய்தி வந்தது. ஐந்தையும் கொடுத்தேன். கூப்பிட்டதற்கு வீடு தேடி வந்த ஒரே ஆள் அவர்தான்.

இதற்கிடையில் மாப்பிள்ளை தினமும் எனக்குப் போன் எடுப்பார். களுபோவில ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரை விசாரிப்பதுபோல, "எப்பிடி, இண்டைக்கு எழும்பிச்சுதோ?" என்று கேட்பார். ஒரு நாள் மட்டும் குரல் இறங்கிவிட்டது. "தம்பி, எனக்கு இன்னொரு முப்பத்தெட்டு வருசம் இல்லை. கொஞ்சம் கெதியாப் பாரும்" என்றார்.

இணையத்தில் பழைய கொம்பியூட்டர் பைத்தியங்கள் கூடும் இடம் ஒன்றில் எழுதிக் கேட்டேன். ஒரு இத்தாலியர் பதில் போட்டார். இந்த மெஷினைத் தயாரித்தவர்கள் கடையைப் பூட்டிப் பல காலமாம், ஆங்கிலக் கையேடு எங்கும் இல்லையாம், தன்னிடம் இத்தாலியக் கையேடு இருக்கிறதாம். நூற்றிருபது பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பினார். உலகத்தில் இதை வாங்கிய புத்திசாலிகள் எங்கள் இரண்டு நாட்டிலும்தான் இருந்திருக்கிறார்கள் போல. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். படங்கள் கோணல், எழுத்து மங்கல். "நாடாவைச் சுமந்துகொண்டு ஓடவும்" என்று தமிழில் வந்தது. எங்கே ஓடுவது என்று போடவில்லை.

அக்காதான் வழி சொன்னார். "இதுக்கு ஏன் தலையை உடைக்கிறாய். பக்கத்து வீட்டில இத்தாலிக்காரி இருக்கிறா." இத்தாலிக்காரி என்றால் முகத்துவாரத்தில் பிறந்து, மிலானில் பதினெட்டு வருடம் முதியவர்களைப் பராமரித்துவிட்டு வந்து, அக்காவுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் ஒரு கத்தோலிக்கப் பெண்மணி. வயது ஐம்பத்தைந்து இருக்கும். கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் நாலு வீட்டுக்கு ஒரு வீடு இத்தாலியில் வேலை செய்த வீடுதான். இது எனக்கு முதலே உறைக்காதது என் மண்டைக் குற்றம்.

ஒரு சனிக்கிழமை காலையில் நானும் மனைவியும் மெஷினையும், அச்சடித்த நூற்றிருபது பக்கத்தையும், மனைவியின் பழைய கசெற் ரெக்கோடரையும் தூக்கிக்கொண்டு போனோம். மெஷினுக்குத் தோதான பழைய பெட்டி ரீவியும் இத்தாலிக்காரியின் வீட்டில்தான் இருந்தது. ரீவியின் மேல் மாதா சுரூபம், சுற்றிவரச் சின்ன பல்புகள். சுரூபத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாமா என்று கேட்டேன். "மாதாவ எதுக்கு அண்ணே எறக்கணும்? டீச்சரோட நல்ல காரியம். அவங்களும் பாக்கட்டும்" என்றார். அக்கா சொன்னபடியே முன்னுக்குக் கதிரை போட்டு, கஞ்சி போட்ட சேலையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

இத்தாலிக்காரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்த இத்தாலியம் குளிப்பாட்டுவதற்கும் மருந்து கொடுப்பதற்கும் ஆனது. மெஷினைத் துடைக்கும் முறை பற்றிய பக்கத்தில் அரை மணித்தியாலம் நின்றார். ஈரத்துணி கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, மூச்சு விடும் ஓட்டையை மூடக் கூடாது. "சரியாத்தான் எழுதியிருக்கான்" என்று எழுதியவனைப் பாராட்டவும் செய்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு மின்சாரப் பக்கம் வந்தது. ஒன்பது வோல்ற், நடுக்கம்பி 'நெகட்டிவோ', அதாவது நெகட்டிவ் என்றார். நான் வாங்கி வந்த அடப்டரில் நடுக்கம்பி பொசிட்டிவ். கொழுவியிருந்தால் மெஷினும் போய், அக்காவின் கலியாணமும் போயிருக்கும். முன்னாலிருந்த கடையில் வயரை மாற்றி ஒட்டிக் கொண்டு வந்தேன்.

சுவிச்சைப் போட்டோம். ரீவியில் ஒரு கறுப்புச் சதுரம் கண்ணடித்தது. அக்கா கைப்பையை இறுக்கிப் பிடித்தார். புத்தகத்தில் சொன்னபடி சத்தத்தை முக்காலுக்கு வைத்து, கட்டளையை அடித்து, கசெற்றை ஓட விட்டேன். புரோகிராம் ஏறுவதற்கு ஆறேழு நிமிடம் எடுக்கும், அதுவரை ஒன்றையும் தொடக் கூடாது. கீச்சென்று சத்தம் வந்துகொண்டிருக்க, இத்தாலிக்காரி சும்மா இருக்க மாட்டாமல் அடுத்த பக்கத்தையும் வாசித்தார். சின்னப் பிள்ளைகளுக்குப் புரோகிராம் எழுதப் பழக்கும் பாடம்.

"மூணாம் படியிலேர்ந்து ஏழாம் படி வரைக்கும் எத்தன படி? ஏழுல மூண கழிச்சா நாலு. ஆனா நீ கால் வச்சது அஞ்சு படி. நிக்கிற படிய எண்ண மறந்துறாத. இப்புடி போட்டிருக்கு அண்ணே. புள்ளைங்களுக்கு நல்லா வெளங்கும்."

என் புரோகிராமிலும் ஒரு கழித்தல் இருந்தது நினைவுக்கு வந்தது. புரோகிராம் ஏறி முடிந்ததும் நான் அதை ஓட விடவில்லை. வரிகளைத் திரைக்குக் கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாற்பதாவது வரியில் இருந்தது. மாப்பிள்ளையின் நட்சத்திர எண்ணிலிருந்து பெண்ணின் நட்சத்திர எண்ணைக் கழித்திருக்கிறேன். கழித்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறேன்.

பொருத்தம் பார்ப்பவர்கள் எவரும் அப்படிச் செய்வதில்லை. பெண்ணின் நட்சத்திரத்தை ஒன்று என்று வைத்துத்தான் எண்ணத் தொடங்குவார்கள். விரல் கணுக்களில் நானே எண்ணிப் பார்த்தேன். ரோகிணி ஒன்று, மிருகசீரிடம் இரண்டு என்று போய், விசாகம் பதின்மூன்று. பதின்மூன்று நல்ல எண். மெஷினில் அது பன்னிரண்டு. பன்னிரண்டு ஆகாது. இராசியையும் அதே மாதிரித்தான் எண்ணியிருக்கிறேன், ஏழாம் இடம் ஆறாம் இடமாகிவிட்டது. அந்த ஒன்று விடுபட்டதில் நாலு பொருத்தம் விழுந்திருக்கிறது. சாத்திரியாரின் ஏழு, என் மூன்று. அக்காவின் நட்சத்திரத்தை நான் எண்ணவேயில்லை.

பேசாமல் ஒன்றைக் கூட்டி விட்டிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பொய் சொல்லவென்றே வந்தவன், உண்மையை மறைக்க முடியாமல் நின்றேன்.

"அக்கா, பிழை மெஷினில இல்லை. நான் எழுதினதில" என்றேன். விரலை மடக்கி, எங்கே தொடங்க வேண்டும், நான் எங்கே தொடங்கினேன் என்று காட்டினேன். இத்தாலிக்காரி சிலுவை போட்டுக்கொண்டார்.

"அப்ப சாத்திரியார் சொன்னது சரி" என்றார் அக்கா.

"ஓம்."

"சரி. திருத்திப் போடு."

இரண்டு இடத்தில் ஒன்றைக் கூட்டினேன். ஓட விட்டேன். மாதாவின் பல்புகள் பச்சையும் சிவப்புமாக எரிந்து அணைய, கீழே ஏழு என்று வந்தது. என் மனைவி ரீவிக்குக் கிட்ட வந்தார்.

"இஞ்சருங்கோ, எங்களுக்கும் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ" என்றார்.

"அதை ஏன் இப்ப கிளறுறீர்?"

"போடுங்கோவன்."

போட்டேன். எட்டாக இருந்த எங்கள் பொருத்தம் நாலு என்று வந்தது. மனைவி திரையைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். "இது எனக்கு முதல் வருசமே தெரியும்" என்றார். இத்தாலிக்காரி விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுவதும் சாதகத்தோடு என்னிடம் வந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் நிறுத்திய கலியாணங்கள் எத்தனை, நடத்தி வைத்த கலியாணங்கள் எத்தனை, எந்த முகத்தோடு காலி வீதியில் நடப்பது என்று தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தெட்டு வருசம் நான் இந்தப் பெட்டியோட கோவமா இருந்தனான் தம்பி" என்றார். "உன்னோட ஒரு நாள் கோவிச்சதில்லை. உன்ர பிள்ளையள் ரெண்டையும் இடுப்பில வைச்சு வளத்தனான். அது மெஷின், அதுக்கென்ன தெரியும் எண்டு நினைச்சன். இப்ப இது ஒண்டும் செய்யேல்லையெண்டு சொல்லுறாய். நான் ஆரோட கோவிக்கிறது?"

"என்னோட கோவியுங்கோ அக்கா" என்றேன். வேறு என்ன சொல்வது?

"ஓம். இனித்தான் தொடங்க வேணும்" என்றார். எழுந்து, சேலையைச் சரி செய்து, கைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே நின்று மாப்பிள்ளைக்கு அடித்து, "ஏழு பொருத்தமாம்" என்று மட்டும் சொல்வது கேட்டது.

அதற்குப் பிறகு மூன்று கிழமை அக்கா என்னோடு கதைக்கவில்லை. எல்லாம் என் மனைவி வழியாகத்தான் நடந்தது. சேலை எடுத்தது, மோதிரம் எடுத்தது, ஆடம்பரம் வேண்டாம், பதிவாளர் முன்னால் எழுத்து மட்டும் போதும் என்று முடிவு செய்தது எல்லாம். நான் போன் எடுத்தால் மணி அடித்து ஓயும். மாப்பிள்ளையாவது எனக்கு இரண்டு பேச்சுப் பேசுவார் என்று பார்த்தேன். அவர் தன் பங்குக்கு ஒரு பாரை மீன் வாங்கிக் கொடுத்தனுப்பினார், அது பேச்சைவிட மோசமாக இருந்தது. மனைவி அதைக் குழம்பு வைத்தார். எனக்கு ஒரு துண்டு முள்ளில்லாமல் கிடைக்கவில்லை.

எழுத்துக்கு அக்கா பக்கத்தில் சாட்சி நான்தான், வேறு ஆண் உறவு கிடையாது. பதிவாளர் கந்தோரில் மேலே காற்றாடி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். அக்காவும் போட்டார். பிறகு பதிவாளர் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, இடத்தைக் காட்டிப் பேனையைத் தந்தார். நான் குனிந்தேன். அப்போது பக்கத்திலிருந்து அக்கா கதைத்தார், மூன்று கிழமைக்குப் பிறகு முதல் தடவை.

"அவசரப்படாதை. என்ர பேர் இருக்கோ எண்டு பார்த்துப்போட்டுப் போடு."

பார்த்தேன். இருந்தது. இரண்டு தரம் வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.